அவளை யார் கேட்டார்?

பிலடெல்பியா! மாந்தர் அனைவரும் ஒத்த உரிமையோடு பிறந்தவர்கள் என்று 1776ஆம் ஆண்டிலே உலகறிய முழங்கிய அமெரிக்க நகரம். அந்த முழக்கத்தை ஏட்டிலே தீட்டிய ஜெஃபர்சனின் பெயரைத் தாங்கி அங்கே ஒரு மருத்துவக் கல்லூரி. முழக்கம் எழுந்து 108 ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. 1884ஆம் ஆண்டு. அந்தக் கல்லூரியின் மருத்துவ அறையிலே ஒரு மேசை. மேசையின்மீது ஒரு மங்கை. குளோரோஃபாரம் தந்த மயக்கத்திலே தன்னை மறந்து கிடக்கிறாள். சுற்றிலும் மாணவர் அறுவர். நடுவே பேராசிரியர் வில்லியம் பேன்கோஸ்ட்.

அவள் ஒரு வணிகரின் மனைவி. மணமாகியும் மழலைச் செல்வம் வாய்க்கவில்லை. மருத்துவரை நாடி வந்தனர் இருவரும். மருத்துவர் முதலில் யாரைச் சோதித்தார்? ஐயம் என்ன, அவளைத்தான்! அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார், குறையொன்றும் காணவில்லை. அதன் பிறகே கணவரின் விந்தைச் சோதித்தார். அதில் உயிரணு ஒன்றுகூட இல்லை. இளமையில் அவர் தேடிக்கொண்ட வெட்டைநோய் விட்டுச் சென்ற வடு அது. இரண்டு திங்கள் மருத்துவம் செய்து பார்த்தனர், பயன் விளையவில்லை.

மீண்டும் ஒரு சோதனை என்று சொல்லி அந்த மங்கையை வரவழைத்தார் பேராசிரியர். மயக்க மருந்து தந்தார். வகுப்பிலேயே வடிவழகன் என்று கருதப்பட்ட மாணவன் ஒருவனின் விந்தைப் பெற்று, ரப்பர்ப் பீச்சாங்குழல் வழியே அவளது கருப்பைக்குள் செலுத்தினார். அவள் கண் விழித்தாள், எழுந்தாள், இல்லம் ஏகினாள், கருவுற்றாள். பின்னர் கணவரிடம் உண்மை உரைக்கப்பட்டது. அவர் சீறவில்லை, மகிழ்ந்தார். ஒன்றே ஒன்றுதான் வேண்டிக்கொண்டார்: மனைவிக்கு மட்டும் இது தெரியக்கூடாதாம்! ஆண் குழந்தை பிறந்தது. அன்னைக்கு உண்மை உரைப்பார் இல்லை.

இது கட்டுக்கதை அன்று. அன்று அந்த மாணவர் கூட்டத்தில் இருந்த அடிசன் டேவிஸ் ஹார்டு என்பவர், 1909ஆம் ஆண்டு ஒரு மருத்துவ ஏட்டுக்குத் தாமே எழுதிய கடிதத்தில் வெளியிட்ட செய்தி. பிறந்த மகனுக்கு அப்போது வயது 25. அவனோடு தாம் கைகுலுக்கியதாகவும் எழுதினார். பேராசிரியரின் பெயர் அந்தக் கடிதத்திலே உண்டு. கல்லூரியின் பெயர் உண்டு. அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் இல்லை.

கொடையாளர் ஒருவரின் விந்தால் நடந்ததாகப் பதிவுபெற்ற முதற் கருவூட்டல் இதுவே என்று மருத்துவ வரலாறு குறித்து வைத்திருக்கிறது. பேராசிரியர் முடிவு செய்தார், மாணவர் உடன்பட்டனர், கணவர் களிப்புற்றார். அவளை யார் கேட்டார்? இந்த ஒரு கேள்வியைக் கைவிளக்காக ஏந்திக்கொண்டு, செயற்கைக் கருவூட்டல் என்னும் மருத்துவமுறையின் வரலாற்றுக்குள் நுழைந்து பார்ப்போம்.

* * *

செயற்கைக் கருவூட்டல் என்பது மாயமும் அன்று, மந்திரமும் அன்று. ஆணின் விந்தைக் கலவியின்றிக் கருவியின் துணைகொண்டு பெண்ணின் கருப்பையில் சேர்ப்பது, அவ்வளவே. கணவனின் விந்தாகவும் இருக்கலாம். கொடையாளர் ஒருவரின் விந்தாகவும் இருக்கலாம். முறை எளியது. ஆனால் அம்முறை தோன்றுவதற்கு முன், மனிதன் தன் மூளையிலே படிந்திருந்த பாசியை அகற்ற வேண்டியிருந்தது.

அந்தப் பாசியின் பெயர் 'விதையும் நிலமும்'. ஆண் விதை, பெண் நிலம். மனுவின் நூல் ஒன்பதாம் அத்தியாயத்திலே இதை விரித்துரைக்கிறது. கடல் கடந்த கிரேக்கத்திலே அரிஸ்டாட்டிலும் ஏறத்தாழ இதையே பேசினார்: உருவைத் தருபவன் ஆண், வெறும் பொருளைத் தருபவள் பெண் என்றார். இருவரும் ஒருவரையொருவர் கண்டவர் இல்லை. எனினும் பெண்ணைத் தாழ்த்துவதிலே எத்துணை ஒற்றுமை!

1677ஆம் ஆண்டு, ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லீவன்ஹூக், தாம் தேய்த்துச் செய்த ஆடியின் வழியே விந்துத் துளியை நோக்கினார். வாலாட்டி நீந்தும் நுண்ணுயிர்கள்! உடனே விதைக் கொள்கையினர் கொண்டாடினர். 1694இல் ஹார்ட்சூக்கர் என்பார், அந்த நுண்ணுயிரின் தலைக்குள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி மனிதன் அமர்ந்திருப்பதுபோலப் படமே வரைந்து காட்டினார். அப்படியானால் தாய்? அவள் பத்துத் திங்கள் தங்கும் வாடகை விடுதி!

இங்கேதான், அன்பர்களே, அறிவுக்குப் பொருந்தாத ஒரு முரண்பாட்டைக் காண்கிறோம். விளைச்சல் நன்றாக இருந்தால் விதைக்குப் பெருமை. விளையாவிட்டால்? விதையை ஒருவரும் ஐயுறுவதில்லை, நிலத்தின்மீதே பழி! 'மலடி' என்ற சொல் ஊரெல்லாம் உலவுகிறது. 'மலடன்' என்ற சொல்லும் தமிழிலே உண்டு. அது அகராதியிலே அடங்கி ஒடுங்கி உறங்குகிறது.

1827இல் ஜெர்மானிய அறிஞர் வான் பேயர், பாலூட்டி உயிர்களின் கருமுட்டையைக் கண்டறிந்தார். 1876இல் ஆஸ்கார் ஹெர்ட்விக், கடல் முள்ளெலியின் முட்டையிலே ஆணின் உட்கருவும் பெண்ணின் உட்கருவும் ஒன்றோடு ஒன்று இணைவதைக் கண்டார். இருவர் தருவதும் சேர்ந்தால்தான் உயிர் என்பது ஐயமற நிலைநாட்டப்பட்டது. பூவின் மகரந்தத்தையும் சூலகத்தையும் பற்றி வகுப்பிலே பாடம் நடத்துகிறோம். பத்து வயதுப் பிள்ளைகள் இரண்டும் வேண்டும் என்று தடையின்றிச் சொல்கிறார்கள். அதே பிள்ளைகளின் வீட்டிலே, பிள்ளையில்லாத அத்தையை மட்டும் வளைகாப்புப் பந்தலுக்குள் விடமாட்டார்கள்!

* * *

கருவூட்டலைக் கையால் செய்து காட்டிய முதல் அறிஞர் யார் தெரியுமா? ஒரு பாதிரியார்! இத்தாலி நாட்டு ஸ்பல்லன்சானி. பாவியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். ஆண் தவளைகளுக்குச் சின்னஞ்சிறு காற்சட்டைகள் தைத்து மாட்டினார் அவர். கண்டவர் நகைத்திருப்பர். ஆனால் அந்தக் காற்சட்டைக்குள் ஓர் அரிய அறிவு ஒளிந்திருந்தது. சட்டை மாட்டிய தவளையோடு கூடிய பெண் தவளையின் முட்டைகள் பொரியவில்லை. அந்தச் சட்டையில் படிந்த துளியை எடுத்து வேறு முட்டைகளின்மீது தடவியபோது தலைப்பிரட்டைகள் தோன்றின. பிறகு 1780ஐ ஒட்டிய ஆண்டுகளில், பெட்டை நாய் ஒன்றைத் தனியே அடைத்துவைத்து, பீச்சாங்குழலால் விந்தைச் செலுத்தினார். 62ஆம் நாள் அது மூன்று குட்டிகளை ஈன்றது.

அந்த அறிஞரையும் பழைய கொள்கை விடவில்லை. விந்தை வடிகட்டினால் அதன் ஆற்றல் அழிகிறது என்று தம் கையாலேயே கண்டவர், நீந்தும் அணுக்களே கருவுக்குக் காரணம் என்பதை மட்டும் கடைசிவரை ஏற்கவில்லை. கண் கண்டதையும் கருத்து மறுத்தது!

மனிதரிடத்து இம்முறையைக் கையாள வழிகாட்டியவர் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர். துணி வணிகர் ஒருவர். பிறவியிலேயே துளை இடம் மாறி அமைந்த உறுப்புக் குறையுடையவர். வெட்கத்தை விட்டு மருத்துவரிடம் வந்தார். வெதுவெதுப்பான பீச்சாங்குழலில் விந்தை ஏந்தி மனைவியின் உடலில் செலுத்துமாறு ஹண்டர் அறிவுரை சொன்னார், கணவர் தாமே அவ்வாறு செய்தார், மனைவி கருவுற்றாள். ஹண்டர் 1793இல் மறைந்தார். அவருடைய மைத்துனர் எவரார்டு ஹோம் 1799இல் இதை அச்சேற்றினார். குறை என்னிடம் என்று கணவர் ஒப்புக்கொண்டார். மயக்க மருந்துக்கு அங்கே வேலை இல்லாமற் போயிற்று.

அடுத்து அமெரிக்கர் ஜே. மேரியன் சிம்ஸ். பெண்ணோய் மருத்துவத்தின் தந்தை என்று புகழப்பட்டவர். 1866இல் அவர் வெளியிட்ட நூலிலே ஒரு கணக்கு இருக்கிறது. பெண்கள் ஆறு பேர், கருவூட்டல் 55 முறை, தங்கிய கரு ஒன்றே ஒன்று, அதுவும் கலைந்தது. ஏன்? மாதவிலக்கை ஒட்டிய நாள்களே கருத்தரிக்கும் நாள்கள் என்று அக்கால மருத்துவம் தவறாக நம்பியது. அடுத்த விலக்குக்கு ஏறத்தாழ 14 நாள்களுக்கு முன்பே முட்டை வெளிப்படுகிறது என்பதை 1920களில் ஜப்பானின் ஓகினோவும் ஆஸ்திரியாவின் நாவுஸும் தனித்தனியே கண்டு சொல்லும்வரை மருத்துவ உலகம் இருளிலே துழாவியது.

சிம்ஸ் ஒரு நன்மையும் செய்தார். ஆணின் விந்தையும் நுண்ணாடியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அவர் புகழ் எதன்மீது எழும்பியது என்பதை மறைப்பதும் நேர்மையாகாது. 1845 முதல் 1849 வரை, அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரியிலே, கறுப்பின அடிமைப் பெண்களின் உடலில் மயக்க மருந்தின்றி மீண்டும் மீண்டும் கத்தி வைத்துப் பழகியவர் அவர். அனார்க்கா, பெட்சி, லூசி என்னும் மூவர் பெயரே ஏட்டில் எஞ்சின. அனார்க்கா என்னும் இளம்பெண்ணுக்கு மட்டும் ஏறத்தாழ 30 முறை அறுவை! அவர்களை யார் கேட்டார்? நியூயார்க் பூங்காவிலே நின்ற சிம்ஸின் சிலையை 2018ஆம் ஆண்டு பெயர்த்தெடுத்தனர். வரலாறு தாமதமாகத்தான் வாய் திறக்கிறது, ஆனால் திறக்கிறது.

* * *

மருத்துவர் அவளைக் கேட்கவில்லை. மதவாணர் கேட்டனரா? நீதியரசர் கேட்டனரா?

1897இல் ரோமாபுரித் திருச்சபையின் பீடம், இம்முறை கூடாது என்று கட்டளையிட்டது. 1949இல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் மறுபடியும் கண்டித்தார். இங்கிலாந்திலே காண்டர்பரி பேராயர் அமைத்த குழு, கொடையாளர் கருவூட்டலைக் குற்றமாக்குக என்று 1948இல் பரிந்துரைத்தது. தாய்மைக்கு ஏங்கும் மங்கையின் மனம் என்ன சொல்கிறது என்பதைவிட, ஒழுங்கு என்ன ஆகும், வழிமுறை என்ன ஆகும் என்பதே அவர்தம் கவலையாயிற்று.

மன்றங்களின் போக்கைப் பாருங்கள். 1954இல் அமெரிக்க இல்லினாய் மாநிலத்து நீதிமன்றம் ஒன்று, கணவன் இசைந்தாலும் இசையாவிட்டாலும் கொடையாளர் கருவூட்டல் மனைவி செய்த விபசாரமே என்றது. பிறந்த பிள்ளை முறைகேடான பிள்ளை என்றது. ஆணின் முகத்தையே பாராத பெண்ணுக்கு விபசாரி என்று பட்டம்! 1958இல் ஸ்காட்லாந்து நீதிமன்றம், உடலோடு உடல் சேராத இடத்தில் விபசாரம் ஏது என்று அதை மறுத்தது. 1968இல் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம், கருவூட்டலுக்கு இசைந்த கணவனே சட்டப்படி தந்தை, பிள்ளையைக் காக்கும் கடமையும் அவனுடையதே என்று தீர்ப்பளித்தது. பழி போட்ட மன்றம் பொறுப்பை உணர 14 ஆண்டுகள் ஆயின.

இந்த வரலாற்றிலே நம் மண்ணோடு தொடர்புடைய பெண்மணி ஒருவர் உண்டு. மேரி பார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர். அந்நாளைய இந்தியாவிலே மிஷன் மருத்துவராகப் பணிபுரிந்தவர். பிள்ளை பெறாத பெண் படும் பாட்டை, குறை யாரிடம் என்று பாராமலேயே அவள்மீது விழும் வசையை, இங்கேதான் கண்டார். தாயகம் திரும்பி லண்டனிலே மருத்துவமனை அமைத்தார். கொடையாளர் கருவூட்டலை வெளிப்படையாகக் கையாண்டார். 1945இல் மருத்துவ ஏட்டிலே அதை எழுதித் துணிவோடு அறிவித்தார். அவரது மருத்துவமனையின் துணையால் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 1,500 என்பர். நம் பெண்ணின் கண்ணீர் லண்டனிலே ஒரு கதவைத் திறந்தது என்றால் மிகையன்று.

கதவு திறந்தது, கரவு போகவில்லை. பார்ட்டனின் கணவர் வைஸ்னர். அறிவாற்றல் மிக்க கொடையாளர் சிலரிடமிருந்து விந்து பெறப்படுகிறது என்றே பெற்றோர் நம்பினர். பல ஆண்டுகள் கழித்து, 2000க்குப் பிறகு, அங்குப் பிறந்தவர்கள் மரபணுச் சோதனை செய்துகொண்டனர். அவர்களுள் பெரும்பாலோர்க்குத் தந்தை வைஸ்னரே என்று தெரியவந்தது. அவருடைய மக்கள் 600 பேர்வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகின்றனர். ஏடுகளோ எரிக்கப்பட்டனவோ கிழிக்கப்பட்டனவோ, எஞ்சவில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாவிலே ஜேக்கப்சன் என்னும் மருத்துவர், நோயாளியர் அறியாமல் தம் விந்தையே செலுத்தியவர். 1992இல் மோசடிக் குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றார். பிலடெல்பியாவின் மேசை நூறாண்டு கடந்தும் மறையவில்லை. இடம் மாறி நின்றது!

* * *

மனிதருக்கு இத்தனை தடை. மாட்டுக்கோ சிவப்புக் கம்பள வரவேற்பு. ரஷ்யாவின் இவானோவ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே குதிரைகளிடத்து இதைப் பெரிய அளவில் நடத்தினார். 1936இல் டென்மார்க்கு உழவர்கள் கறவை மாட்டுக்காகக் கூட்டுறவுச் சங்கமே கண்டனர். 1939இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையிலே சம்பத் குமரன் இந்நாட்டில் முதன்முதலாகச் செய்து காட்டினார். 1949இல் கிளிசரின் கலந்தால் விந்தணு உறைபனியிலும் உயிர் தாங்கும் என்று லண்டன் மில்ஹில் ஆய்வுக்கூடத்தார் கண்டனர். 1953இல் அமெரிக்க அயோவா பல்கலைக்கழகத்தார், உறையவைத்த விந்தால் மனிதக் கருவும் உண்டாகும் என்று காட்டினர். இன்று நம் சிற்றூர் உழவர் எவரைக் கேட்டாலும் 'சினை ஊசி' என்பார். மாட்டுக்கு ஊசி போட்டவர், மாடு சினைபிடிக்காவிட்டால் ஊசியில் குறையா, நாளில் குறையா என்று கேட்கிறார். வீட்டு மருமகள் செய்தியிலே மட்டும் அந்தக் கேள்வி எழுவதில்லை!

கால்நடைக்கு வந்தது மனிதருக்கும் வரும் என்று, 1940களிலேயே 'இனி வரும் உலகம்' என்னும் நூலிலே பெரியார் எழுதினார். பலர் எள்ளி நகையாடியிருப்பர், நடந்துவிட்டது. பொலிகாளையைத் தேர்வதுபோல் ஆளைத் தேர்ந்து குழந்தை பெறலாம் என்ற கருத்தும் அதிலே உண்டு. அக்காலத்து அறிவியலார் பலரிடமும் அந்த எண்ணம் இருந்தது. பிலடெல்பியாவிலே வடிவழகனைத் தேடியதும் அதே எண்ணமே. மனிதனை இனம் பிரித்துத் தேர்வு செய்யும் கொள்கை எங்குக் கொண்டுபோய் விட்டது என்பதை ஹிட்லரின் ஜெர்மனி காட்டிவிட்டது. எனவே அதை இன்று நாம் ஏற்பதற்கில்லை. யார் சொன்னாலும் ஆராய்ந்து கொள்க என்பதுதானே அவர் நமக்குத் தந்த பாடம்!

'இதெல்லாம் புராணத்திலேயே இருக்கிறது' என்று மார்தட்டுவோர் உளர். இருக்கிறது, என்ன இருக்கிறது என்று பார்ப்போமே. மன்னன் தசரதனுக்கு மனைவியர் மூவர், பிள்ளை இல்லை. மூவரிடத்தும் இல்லையென்றால் குறை யாரிடம் என்று எண்ணினாரா எவரேனும்? வேள்வி வளர்த்தார்கள், பாயசம் பருகியவர்கள் மனைவியர்! பாரதத்திலே விசித்திரவீரியன் மகப்பேறின்றி மாண்டான். மாமியார் ஆணையிட்டாள், வியாசர் வந்தார். அம்பிகை அஞ்சிக் கண்களை மூடிக்கொண்டாள், பிறந்தவன் குருடன். அம்பாலிகை அச்சத்தால் வெளுத்தாள். பிறந்தவன் வெளிறிய பாண்டு. விரும்பாதவள் கண்ணை மூடியதற்குப் பிள்ளைக்குத் தண்டனை! இதிலே அறிவியல் எங்கே இருக்கிறது? கேட்கப்படாத பெண்தான் இருக்கிறாள்.

புராணம் போகட்டும், புழக்கத்துக்கு வருவோம். அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று பழமொழி சொல்லிச் சிரிக்கிறோம். சிரிப்பது யாரைப் பார்த்து? மரத்தைச் சுற்ற வைத்தவர்கள் யார்? தொட்டில் கட்டுபவள் அவள். மண்சோறு உண்பவள் அவள். நோன்பிருந்து மெலிபவள் அவள். கடைசியில் சக்களத்திக்கு வழிவிட்டு மூலையில் ஒதுங்குபவளும் அவளே. மகப்பேறு வாய்க்காத இணையருள் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்துக் குறைக்கும் பங்குண்டு என்று மருத்துவம் சொல்கிறது. ஆணைச் சோதிப்பதோ எளிது; கத்தி இல்லை, மயக்கம் இல்லை, ஒரு சிறு கிண்ணமும் ஒரு நுண்ணாடியும் போதும். அந்த எளிய சோதனைக்கு ஆண்மை என்னும் வீண் செருக்கு குறுக்கே நிற்கிறது. அந்தச் செருக்குக்கு விலையாகப் பெண்ணின் உடல் ஆண்டுக்கணக்கில் ஊசியும் கத்தியும் தாங்குகிறது.

* * *

காலம் மாறாமல் இல்லை. 1984இல் சுவீடன் நாடு, கொடையாளர் வழிப் பிறந்த பிள்ளை வளர்ந்தபின் தன் தோற்றத்தை அறிய உரிமையுண்டு என்று உலகிலேயே முதலாகச் சட்டம் செய்தது. 2005 முதல் இங்கிலாந்தும் அவ்வழி வந்தது. இந்தியாவிலே 2021ஆம் ஆண்டுச் சட்டம், தொடர்புடைய அனைவரின் எழுத்துவழி ஒப்புதலும் இன்றி இம்மருத்துவம் செய்யலாகாது என்று விதிக்கிறது. ஒரு கொடையாளரின் விந்தை ஓர் இணையருக்கு மேல் வழங்கலாகாது என்கிறது. பிறக்கும் குழந்தைக்கு எல்லா உரிமையும் தருகிறது. கணவனில்லாத பெண்ணும், 21 வயது நிரம்பியவளானால், தானே மருத்துவமனையை நாடலாம் என்கிறது. ஆனால் கொடையாளர் யார் என்பதை அறியும் உரிமை நம் நாட்டுப் பிள்ளைக்கு இன்னும் கிட்டவில்லை. அந்தப் படியையும் ஏறியாக வேண்டும்.

எனினும் தோழர்களே, ஒப்புதல் என்பது தாளிலே இடும் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறதா? மாமியார் கண்ணுருட்ட, கணவன் முகம் சுளிக்க, ஊரார் வாய் அரைக்க, அந்த அச்சத்திலே நடுங்கும் விரல் இடும் கையெழுத்து ஒப்புதல் ஆகுமா? குளோரோஃபாரம் புட்டியில் மட்டும் இல்லை. வசைச் சொல்லிலும் இருக்கிறது. ஒரு பெண்ணின் அறிவையும் விருப்பத்தையும் மயக்கிக் கிடத்த 'மலடி' என்ற ஒரு சொல் போதும்.

ஆகவே செய்ய வேண்டியவை சில. பிள்ளை வாய்க்கவில்லையா? இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் செல்க. ஆண் முதலில் சோதனைக்கு முன்வருக. குறை ஆணிடம் என்றால் அதை மறைத்து மனைவியின் தலையில் சுமத்தாதிருக்க. கருவூட்டலா, தத்தெடுப்பதா, பிள்ளையின்றியே இருவர் வாழ்வதா? எதுவாயினும் முடிவு இருவருடையதாகுக. உடல் அவளுடையது ஆதலின் அவள் சொல்லே இறுதிச் சொல்லாகுக. வேண்டாம் என்று அவள் சொன்னால், அந்தச் சொல்லுக்கும் தாய்மைக்குத் தரும் மதிப்பைத் தருக.

பீச்சாங்குழல் செய்தறிய மனித அறிவுக்கு நெடுங்காலம் ஆயிற்று. தவளைக்குச் சட்டை தைத்துக் கற்றோம், நாயிடம் கற்றோம், மாட்டிடம் கற்றோம், உறைபனியிலே உயிரைக் காக்கக் கற்றோம். மேசைமேல் கிடந்த அந்தப் பெயரில்லாப் பெண்ணை எழுப்பி, 'அம்மா, உனக்கு விருப்பமா?' என்று கேட்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியை 1884ஆம் ஆண்டு அவளுக்குத் தரவில்லை. நம் வீட்டுப் பெண்ணுக்கு நாமாவது தருவோம்.